செக்கருக்கே தண்ணி காட்டுன காத்து

எங்க அத்தானை, அதாவது என் அக்கா வீட்டுக்காரரை, இந்தத் தெருவுல யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல. செக்கர் வீடு எதுன்னு கேட்டாதான் கையைக் காட்டுவாங்க. ஓடுற பஸ்ஸை நிறுத்தி ஏறி, எல்லார்கிட்டயும் டிக்கெட்டை வாங்கிப் பார்க்கிற வேலை. வயசான காலம் வரைக்கும் அதே வேலை, அதே தோல் பை, அதே முறைப்பு. ஓய்வு கொடுத்து அனுப்பினப்ப பையைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. முறைப்பை வாங்க மறந்துட்டாங்க.

கெட்ட மனுஷர்னு சொல்லமாட்டேன். குடி கிடையாது, யாரையும் கை நீட்டி அடிச்சது கிடையாது, வீட்டுக்கு வேணும்கிறதை வாங்கிப் போடுறதுல குறை வெச்சதும் கிடையாது. ஆனா ஒருத்தர் வாயால சொல்றதை நம்புறதுன்னா மட்டும் அவருக்கு உடம்புக்கு ஒத்துக்காது. "ஆளு மூஞ்சியைப் பார்க்கக்கூடாது, பேச்சைக் கேட்கக்கூடாது, டிக்கெட்டைக் காட்டுன்னு கையை நீட்டணும், அவ்வளவுதான்"னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. கடைசி சீட்டுக்கு அடியில மூட்டைக்குப் பின்னால படுத்திருந்த ஒருத்தனை ஒரு தடவை காலைப் பிடிச்சு வெளிய இழுத்தாராம். அந்தக் கதையை நாலு பேர் கூடுற இடத்துலெல்லாம் சொல்லுவாரு. சொல்லச் சொல்ல அந்த ஆளு வளர்ந்துக்கிட்டே போறான். போன தடவை சொன்னப்ப ஆறடிக்கு மேல போயிட்டான். அவ்வளவு பெரிய ஆளு எப்படி சீட்டுக்கு அடியில படுத்தான்னு நான் கேட்டதுக்கு, "தையல்காரிக்கு அளவெடுக்கிற புத்தி எங்க போகும்"னு வாயை அடைச்சிட்டாரு. ஆமா, நான் தையல் கடை வெச்சிருக்கேன். அவங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி.

என் அக்கா அவரை முதல்ல பார்த்ததே பஸ்லதான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தா, கையில இருந்த டிக்கெட் காத்துல பறந்துபோச்சு. அந்த நேரம் பார்த்து இவர் ஏறினாரு. "பறந்துபோச்சுங்க"ன்னா. "எல்லாரும் சொல்றது இதைத்தான்"னு கொட்டுற மழையில நடு ரோட்டுல இறக்கிவிட்டுட்டாரு. நனைஞ்ச கோழியா வீட்டுக்கு வந்து அந்த மனுஷனை அவ திட்டின திட்டு எனக்கு இன்னும் காதுல இருக்கு. அப்புறம் கொஞ்ச நாள்ல சொந்தக்காரங்க மூலமா ஒரு சம்பந்தம் வந்துச்சு. நிமிர்ந்து பார்த்தா, இவர். அவருக்கு அக்காவை ஞாபகமே இல்ல, இறக்கிவிட்டவங்களையெல்லாம் ஞாபகம் வெச்சுக்க முடியுமா! அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. "அவர் அன்னைக்கே என்னை இறக்கிவிட்டுட்டாரு, நான்தான் கூறுகெட்டுப்போய் மறுபடி ஏறிட்டேன்"ம்பா.

ஓய்வு வந்ததும் மனுஷருக்கு பரிசோதிக்க ஒண்ணும் இல்லாமப் போச்சு. வீட்டைப் பரிசோதிக்க ஆரம்பிச்சாரு. எந்த ரூம்ல யாரு லைட்டைப் போட்டுட்டு வந்தது, ஃபிரிட்ஜ் கதவு சரியா மூடியிருக்கா, பேப்பர்காரன் ஏன் வாசல்ல போடாம செடியில போட்டான். அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை பார்க்கிறா, பகல் பூரா தப்பிச்சிடுவா. மாட்டினது பால்காரனும் நானும்தான்.

அப்பதான் அந்தச் சனியன் வீட்டுக்குள்ள வந்துச்சு. விரல்ல மாட்டுற கிளிப். உள்ள சிவப்பா ஒரு வெளிச்சம் எரியும், ரத்தத்துல ஆக்சிஜன் நூத்துக்கு எவ்வளவு இருக்குன்னு மேல நம்பர் காட்டும். ஊரெல்லாம் இருமிக்கிட்டிருந்த காலத்துல எல்லாரும் வாங்கினாங்க, அப்புறம் இழுப்பறையில போட்டுட்டு மறந்துட்டாங்க. எங்க அத்தான் மறப்பாரா? அவருக்குத் திரும்பவும் வேலை கிடைச்ச மாதிரி ஆயிடுச்சு. உடம்புக்கே டிக்கெட் அடிச்சுக் கொடுக்கிற மெஷின்! சட்டைப் பையிலயே வெச்சிருப்பாரு. வாசல்ல யாரு வந்தாலும் சரி, வாங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி "விரலை நீட்டு"தான். சிலிண்டர் கொண்டுவர்றவரு மூச்சு வாங்க மாடியேறி வந்து நிப்பாரு, அவர் விரலைப் பிடிச்சு மாட்டிவிட்டு, "தொண்ணூத்தாறு. கொஞ்சம் கவனமா இருப்பா"ன்னு அனுப்புவாரு. சிலிண்டரைத் தூக்கிக்கிட்டு மூணு மாடி ஏறினா நூத்துப்பத்தா காட்டும்!

ஒரு நாள் நான் நகத்துக்குக் கருஞ்சிவப்புல பாலிஷ் போட்டுக்கிட்டுப் போனேன். கிளிப்பை மாட்டினாரு, நம்பரே வரல, வெறும் கோடுதான் வந்துச்சு. மனுஷர் மூஞ்சியில பழைய களை வந்துடுச்சு. "என்னம்மா, டிக்கெட் எடுக்கலையா?"ன்னாரு. பாலிஷை அழிக்காம காபி கிடையாதுன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. "அத்தான், அது வெளிச்சத்தை வெச்சுப் பார்க்குற மெஷின், நிறம் மாறினா ஏமாந்துடும்"னேன். "மெஷின் ஏமாறாது, ஆளுதான் ஏமாத்தும்"னாரு. அந்த வாக்கியத்தை நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க. எனக்கு அது மறக்கவே மறக்காது.

அந்த வருஷம் குளிர் கொஞ்சம் கூடுதல். அத்தான் குளியலறைக்கு ஒரு கேஸ் கீசர் வாங்கிட்டு வந்தாரு. சிலிண்டர் கேஸ்ல எரிஞ்சு தண்ணியைச் சூடாக்குற பெட்டி. மாட்டவந்த ஆள், "சார், இதைக் குளியலறைக்கு வெளிய மாட்டணும். உள்ளதான் வேணும்னா புகை போற குழாயை வெளிய விடணும், மேல இருக்கிற சின்ன ஜன்னலை எப்பவும் திறந்து வெக்கணும்"னாரு. செக்கருக்கே ஒருத்தன் சட்டம் சொல்றதா! "எங்க புகை? காட்டு. ஒரு பொட்டு புகை தெரியுதா உனக்கு?"ன்னாரு. தெரியலதான். உள்ளயே மாட்டவெச்சாரு, குழாய் வேண்டாம்னு ஆளை அனுப்பிட்டாரு. ரெண்டாம் நாள் மேல இருந்த சின்ன ஜன்னலையும் ஒரு பலகை வெச்சு ஆணியடிச்சு மூடிட்டாரு. ஏன் அத்தான்னு கேட்டதுக்கு அவர் சொன்ன பதில் இது: "குளிர்காத்து ஓசியில உள்ள வருதும்மா. என் வீட்டுல டிக்கெட் இல்லாம யாரும் ஏற முடியாது."

சொல்லிட்டு அவரே சிரிச்சுக்கிட்டாரு.

அதுக்கப்புறம்தான் அக்காவுக்குத் தலைவலி ஆரம்பிச்சது. காலையில குளிச்சிட்டு வரும்போதே நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு வருவா. குமட்டும். கால் துவளும். நாலு படி இறங்கினா மூச்சு வாங்கும். கடைக்குப் போய் உட்கார்ந்து, வர்றவங்களுக்கு ரெண்டு கண்ணாடியை மாட்டிப் பார்க்கிறதுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா தெளியும். மத்தியானம் ஆளு சரியாயிடுவா. மறுநாள் காலையில திரும்பவும் அதே கதை.

இதை அத்தான் எப்படிப் புரிஞ்சுக்கிட்டாருங்கிறீங்க? "வேலைக்குக் கிளம்புறப்ப மட்டும் தலை வலிக்குது, மத்தியானம் ஆனா சரியாப்போயிடுது. இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு வர்ற வியாதி"ன்னாரு. சரி, லீவு நாள்ல? லீவு நாள்ல அக்கா வாரத்துத் துணியையெல்லாம் எடுத்துக்கிட்டு குளியலறைக்குள்ள போய் கதவைச் சாத்திக்கிட்டு, வெந்நியில ஊறவெச்சு அலசிட்டு, அதுக்கப்புறம் குளிச்சிட்டு வருவா. அன்னைக்குத் தலை வெடிக்கும், வாந்தி வரும். "பார்த்தியா, வீட்டு வேலைன்னாலும் வருது"ன்னாரு. துப்பு முழுக்க அவர் கையிலதான் இருந்துச்சு. எப்ப வலிக்குது, எப்ப விடுது, எந்த நாள்ல அதிகம், எல்லாம் அவருக்குத் தெரியும். எல்லாத்தையும் வரிசையா அடுக்கி வெச்சு, குற்றவாளி தன் பெண்டாட்டின்னு தீர்ப்பு எழுதிட்டாரு. எனக்கு வயிறெரியுது, இப்ப நினைச்சாலும்.

அவருக்கு ஏன் எதுவும் ஆகலைன்னு கேட்பீங்க. அவர் குளிக்கிறது ஒரு குளியலா? ரெண்டு செம்பு, ஒரு துடைப்பு. தலை நனைஞ்சுதான்னு தலைக்கே தெரியாது.

தினமும் காலையில அக்கா ஈரத்தலையோட வந்து கட்டில்ல சாஞ்சதும் இவர் பையிலிருந்து கிளிப்பை எடுப்பாரு. மாட்டுவாரு. ஒரு நிமிஷம் முறைப்பாரு. அப்புறம் கோயில் மணி அடிச்ச மாதிரி அறிவிப்பு வரும்: "தொண்ணூத்தொம்பது. டிக்கெட் சரியா இருக்கு. உனக்கு ஒண்ணும் இல்ல, போ."

"தலை வலிக்குதுங்க, நிஜமா"ம்பா அக்கா.

"எனக்குத் தொண்ணூத்தெட்டுதான் காட்டுது. என்னைவிட ஒண்ணு கூட வெச்சிருக்கே. நான்தான் படுக்கணும்."

டாக்டர்கிட்ட போகலாம்னு நான் சொன்னேன். தொண்ணூத்தொம்பது இருக்கிறவளைக் கூட்டிக்கிட்டுப் போனா டாக்டர் நம்மளைப் பார்த்துச் சிரிப்பாருன்னாரு. ஃபோன்ல பேசுற ஒவ்வொருத்தர்கிட்டயும் அந்த நம்பரை, பிள்ளை பரீட்சையில வாங்கின மார்க் மாதிரி சொல்லிச் சொல்லி மாய்ஞ்சாரு. எல்லாத்தையும்விடக் கொடுமை, அக்காவே மெல்ல மெல்ல அதை நம்ப ஆரம்பிச்சதுதான். ஒரு நாள் என் கடைக்கு வந்து உட்கார்ந்து, "எனக்கு மனசுலதான் ஏதோ கோளாறு போலடி. மெஷின் சரியாதான் காட்டுது"ன்னு கண் கலங்கினா. என் அக்கா அழுது நான் அதிகம் பார்த்ததில்ல. கத்தரிக்கோலை வெச்சுட்டு அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். "உனக்கு வலிக்குதுன்னா வலிக்குது. அதுக்கு எதுக்குக்கா நம்பரு?"ன்னேன். சொன்னேனே தவிர, எதனால வலிக்குதுன்னு எனக்கும் தெரியல.

ஒரு லீவு நாள் அக்காவும் நானும் துணி எடுக்கக் கடைத்தெருவுக்குப் போறதா இருந்தோம். நான் போனப்ப அத்தான் கூடத்துல பேப்பர் படிச்சிட்டிருந்தாரு. குளியலறையில தண்ணி ஓடுற சத்தம்.

"குளிக்கிறா, வருவா. விரலை நீட்டு"ன்னாரு.

"எப்ப போனா?"

"துணி நிறைய இருந்துச்சு. உட்காரு."

உட்கார்ந்தேன். தண்ணி ஓடுது. துணியைத் தட்டுற சத்தம் இல்ல, அலசுற சத்தம் இல்ல, வாளி நகர்ற சத்தம் இல்ல. வாளி நிரம்பி வழிஞ்சு தரையில கொட்டுற சத்தம் மட்டும்தான். என் அக்கா தண்ணியை வீணாக்குறவ இல்ல, இந்த வீட்டுல அது நடக்கிற காரியமும் இல்ல. எழுந்தேன். போய்க் கதவைத் தட்டினேன். "அக்கா!" பதில் இல்ல. திரும்பத் தட்டினேன், கத்தினேன்.

"ஏன்மா கதவை உடைக்கிறே, புதுத் தாழ்ப்பாள் அது"ன்னாரு கூடத்துலிருந்து.

உடைச்சேன். தையல் மெஷின் மிதிச்ச கால் சும்மாவா, மூணாவது உதையில தாழ்ப்பாள் பிச்சுக்கிட்டு வந்துச்சு. உள்ள கீசர் நீலமும் மஞ்சளுமா எரிஞ்சுக்கிட்டிருந்தது. என் அக்கா துணிக்குவியல் மேல சரிஞ்சு கிடந்தா. நைட்டி தொப்பலா நனைஞ்சிருந்துச்சு. அவ கன்னம் சிவந்திருந்ததுங்க. நல்லா தூங்கி எழுந்த குழந்தை மாதிரி இருந்தா. அதைப் பார்த்துதான் எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு.

அக்குள்ல கையைக் கொடுத்து இழுத்துக்கிட்டு பால்கனிக்குக் கொண்டுவந்து போட்டேன். மூச்சு இருந்துச்சு, ஆனா கூப்பிட்டா கண்ணைத் திறக்கல. "அத்தான், ஆம்புலன்ஸுக்கு ஃபோன் பண்ணுங்க!"ன்னு அலறினேன். அத்தான் ஓடி வந்தாரு. வந்து குனிஞ்சாரு. சட்டைப் பையில கையை விட்டாரு.

ஃபோனை எடுக்கிறாருன்னுதானே நினைப்பீங்க? கிளிப்பை எடுத்தாருங்க அந்த மனுஷன். என் அக்கா விரல்ல மாட்டினாரு. பார்த்தாரு. பெருமூச்சு விட்டாரு.

"தொண்ணூத்தொம்பது. பயப்படாதே. வெறும் மயக்கம்தான், மூஞ்சியில தண்ணி தெளி."

அன்னைக்கு நான் அவரை என்ன சொன்னேன்னு இங்க எழுத முடியாது. அக்கா வீட்டுக்காரருங்கிற மரியாதையெல்லாம் பால்கனி வழியா பறந்துபோச்சு. ஃபோன் நான்தான் பண்ணினேன்.

ஆஸ்பத்திரியில அவசரப் பிரிவு டாக்டரம்மா அக்காவைப் பார்த்தாங்க, ஈரத்துணியைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. முதல்ல கேட்டதே இதுதான்: "எங்க விழுந்தாங்க? குளியலறையிலயா? அங்க கேஸ் கீசர் எரிஞ்சுதா?"

தலையாட்டினேன்.

"ஜன்னல்?"

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தாரு. டாக்டரம்மாவுக்கு அதுக்கு மேல கேட்க ஒண்ணும் இல்ல. ரத்தம் எடுத்து அனுப்பிட்டு, அக்கா மூஞ்சியில மாஸ்க்கை மாட்டி ஆக்சிஜனைத் திருகி முழுசா திறந்துவிட்டாங்க. அப்பவாவது சும்மா இருக்கணுமே? "டாக்டர், அவளுக்குத் தொண்ணூத்தொம்பது இருக்கு, எதுக்கு ஆக்சிஜனை வீணாக்குறீங்க?"ன்னாரு செக்கர். அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்கல. "இவரை வெளிய கூட்டிட்டுப் போங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. அவர் வாழ்க்கையில அவரை ஒருத்தர் இறக்கிவிட்டது அதுதான் முதல் தடவை.

ரத்த ரிப்போர்ட் வந்துச்சு. அக்கா ரத்தத்துல மூணுல ஒரு பங்கு ஹீமோகுளோபினை கார்பன் மோனாக்சைடு பிடிச்சு வெச்சிருந்துச்சாம். காத்து பத்தாம எரியற நெருப்புலிருந்து வர்ற வாயு. புகையா தெரியாது, மணக்காது. "இன்னும் கொஞ்ச நேரம் உள்ளயே கிடந்திருந்தாங்கன்னா நீங்க அவங்களை இங்க கொண்டுவந்திருக்க வேண்டியதே இல்ல"ன்னாங்க டாக்டரம்மா. அது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. புரிஞ்சதும் ஓடிப்போய் அக்கா கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டேன்.

சாயங்காலம் அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "துணி எடுக்கப் போகலையா?"ன்னு கேட்டா. நான் அழுதுக்கிட்டே சிரிச்சேன். கொஞ்ச நேரத்துல மாஸ்க்கை எடுத்துவிட்டாங்க. இன்னொரு தடவை ரத்தம் பார்த்து, வாயுவெல்லாம் அநேகமா போயிடுச்சுன்னாங்க. தலைவலி இல்ல, குமட்டல் இல்ல. அத்தானை உள்ள விட்டாங்க.

வந்தாரு. கட்டில் பக்கத்துல நின்னாரு. கை தானா சட்டைப் பைக்குப் போச்சு. பழக்கதோஷம். மாட்டினாரு, பார்த்தாரு, மூஞ்சி மாறிப்போச்சு. கிளிப்பைக் கழட்டாம அப்படியே விட்டுட்டு நேரா டாக்டரம்மாகிட்ட போனாரு. என்ன எழவோன்னு நானும் பின்னாலயே ஓடினேன்.

"டாக்டர், இங்க சேர்க்கிறப்ப தொண்ணூத்தொம்பது இருந்துச்சு. இப்ப தொண்ணூத்தெட்டு காட்டுது. நீங்க வைத்தியம் பண்ணி ஒண்ணு குறைஞ்சிருக்கு. என்ன வைத்தியம் இது?"

டாக்டரம்மா பேனாவைக் கீழ வெச்சாங்க. அடிக்கப்போறாங்கன்னு நினைச்சேன். "நீங்க என்ன வேலை பார்த்தீங்க?"ன்னு கேட்டாங்க.

"பஸ்ல செக்கர்."

"ரொம்ப வசதியாப்போச்சு. உட்காருங்க"ன்னு நாற்காலியைக் காட்டினாங்க. "ரத்தத்துல ஓடுற ஹீமோகுளோபினை நாலு சீட்டு வண்டின்னு வெச்சுக்குங்க. நுரையீரல்ல ஆக்சிஜன் ஏறும். மூளை, இருதயம், கை கால்னு ஒவ்வொரு ஸ்டாப்பா இறங்கும். ஏறினா மட்டும் பத்தாது, இறங்கணும். இறங்கினாதான் உடம்புக்குச் சாப்பாடு. புரியுதா?"

"புரியுது."

"கார்பன் மோனாக்சைடு டிக்கெட் எடுக்காம ஏறுற ஆளு. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல இறுக்கமா அதே சீட்டைப் பிடிச்சுக்கும். லேசுல இறங்காது."

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாரு. தொழில் பேச்சு வந்துடுச்சே. "ஒரு சீட்டுதானே போச்சு? மத்த மூணுல ஆக்சிஜன் இருக்குமே?"ன்னாரு. கேள்வி சரியான கேள்விதான், நானே ஆச்சரியப்பட்டேன்.

"இருக்கும். கொடுமையே அங்கதான். இந்த ஆளு உட்கார்ந்ததும் வண்டியோட அமைப்பே மாறி இறுகிடும். மத்த மூணு பேரும் சீட்டோட சீட்டா ஒட்டிக்குவாங்க. இறங்கவேண்டிய ஸ்டாப் வரும், இறங்கமாட்டாங்க. வண்டி ரொம்பி ஓடும், ஸ்டாப்புல நிக்கிறவன் பட்டினி கிடப்பான்."

"கண்டக்டர் என்ன பண்ணிக்கிட்டிருக்கான்?" அத்தானுக்கு நிஜமாவே கோபம் வந்துடுச்சு.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கிட்டாங்க. "இருக்கான். பி.பி.ஜி.ன்னு ஒரு பொடி மூலக்கூறு. வண்டிக்கு நட்டநடுவுல ஒரு இடுக்கு இருக்கு, அதுல நின்னுக்கிட்டு ஆக்சிஜனை இறங்கு இறங்குன்னு தள்ளிவிடுறதுதான் அவன் வேலை. காத்து கம்மியான மலை மேல போய் இருந்தா, உடம்பு கண்டக்டர்களை அதிகமா போட்டுக்கும். ஆனா வண்டி இறுகிட்டா அவன் நிக்கிற இடுக்கும் சுருங்கிடும். அவனையே வெளிய தள்ளிடும்."

"அப்ப அந்தக் கிளிப்பு?"

"அது வெளிச்சத்தை அடிச்சு, ரத்தம் நல்ல சிவப்பா இருக்கான்னு பார்க்குது. ஆக்சிஜன் ஏறினாலும் சிவப்பு, அந்த ஓசி ஆளு ஏறினாலும் சிவப்பு. ரெண்டையும் அதுக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. சீட்டு ரொம்பியிருக்கான்னு எண்ணும், யாரு உட்கார்ந்திருக்கான்னு கேட்காது." பேனாவைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. "டிக்கெட்டே கேட்காத செக்கர் சார் அது. அதைப் பார்த்துக்கிட்டு, வலிக்குதுன்னு சொன்ன மனுஷியை விட்டுட்டீங்க."

அத்தான் எழுந்திருக்கல. எனக்கு வாய் துறுதுறுத்துச்சு, மெஷின் ஏமாறாதுன்னு சொன்னீங்களே அத்தான்னு கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா அந்த மூஞ்சியைப் பார்த்துட்டு முழுங்கிட்டேன். ஆயுசு பூரா கண்ணுல எண்ணெய் ஊத்திக்கிட்டு ஓசிப் பயணிகளைப் பிடிச்ச ஆளு. அவரே சொந்த வீட்டுல கீசரை மாட்டி ஏத்திவிட்டு, ஜன்னலுக்கு ஆணியடிச்சு, தினமும் காலையில டிக்கெட் சரியா இருக்குன்னு சலாம் போட்டு அனுப்பியிருக்காரு.

கொஞ்ச நேரம் கழிச்சு வார்டுக்கு வந்தாரு. தோள் ரெண்டும் தொங்கிப்போயிருந்துச்சு, முறைப்பைக் காணோம். அக்கா தலையணையில சாஞ்சு உட்கார்ந்திருந்தா. அந்தக் கிளிப் இன்னும் அவ விரல்லயேதான் இருந்துச்சு.

"பலகையைப் பிடுங்கிடுறேன்"னாரு.

அக்கா போர்வையை இழுத்துவிட்டுக்கிட்டா.

"கீசரைக் கழட்டித் தூரப் போட்டுடுறேன்."

அத்தான் கட்டில் ஓரத்துல உட்கார்ந்தாரு. உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி சட்டைப் பட்டனைத் திருகிக்கிட்டிருந்தாரு. கண்ணு ரெண்டும் கலங்கிப்போச்சு.

"எனக்கு நெஞ்செல்லாம் என்னமோ பண்ணுதும்மா. பாறாங்கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கு. தாங்க முடியல"ன்னாரு. பொய் இல்ல. அந்த மனுஷனுக்கு நிஜமாவே வலிச்சுது, அது எனக்கே தெரிஞ்சுது.

அக்கா அவரையே பார்த்துக்கிட்டிருந்தா. கோபமா பார்க்கல. அப்புறம் தன் விரல்லிருந்து கிளிப்பைக் கழட்டினா.

"விரலை நீட்டுங்க."

நீட்டினாரு. மாட்டினா. நம்பர் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் அந்தச் சிவப்பு வெளிச்சத்தையே பார்த்துக்கிட்டிருந்தாங்க.

"தொண்ணூத்தொம்பது. டிக்கெட் சரியா இருக்கு"ன்னா அக்கா. "உங்களுக்கு ஒண்ணும் இல்ல, போங்க."